ஆறு முடிச்சில் மதுரை

ஊமத்தம்பட்டியில் முட்டாள்கள் யாரும் கிடையாது. சந்தேகம் இருந்தால் அந்த ஊர்க்காரர்களையே கேட்டுக்கொள்ளலாம். போன வருஷம் மாட்டு டாக்டர் வந்து, "சாப்பிட்ட பிறகு இந்த மருந்தைக் கொடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மாடு அசைபோட்டு முடிக்கட்டும் என்று ஊரே மூன்று நாள் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. மருந்து இன்னும் பாட்டிலில்தான் இருக்கிறது. மாடு தானாகக் குணமாகிவிட்டது. அதிலிருந்து, படித்தவர்கள் சொன்னதைச் சொன்னபடி செய்தால் கெடுதல் வராது என்பதில் ஊமத்தம்பட்டிக்கு அசைக்க முடியாத நம்பிக்கை.

அந்த ஊரில்தான் சோணமுத்து பெண் எடுத்திருந்தார்.

சோணமுத்து மதுரையில் கைடு. இருபத்திரண்டு வருஷமாக வெளியூர்க்காரர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிறவர். எந்தச் சந்தில் நுழைந்தால் எந்த வாசலுக்கு வரலாம், எந்தக் கடையில் எத்தனை மணிக்கு இட்லி பஞ்சு மாதிரி இருக்கும், ஜிகர்தண்டாவை எந்த வெயிலில் குடித்தால் தொண்டை கட்டாது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. "இதெல்லாம் புத்தகத்துல இருக்காது சார். உள்ளூர்க்காரன் வாயால வந்தாத்தான் உண்டு" என்று சொல்லித்தான் ஒவ்வொரு யோசனையையும் முடிப்பார். அவர் பேச்சைக் கேட்டு மதுரையில் தொலைந்துபோனவர்கள் என்று அதுவரை ஒருத்தரும் இல்லை.

அன்றைக்கு அவருடைய மகள் தன்விகாவுக்குக் காதணி விழா. மூன்று வயது. தெற்கு மாசி வீதிப் பக்கத்துச் சந்தில் ஒரு மண்டபம் பிடித்திருந்தார். வாசலில் குலை தள்ளிய இரண்டு வாழை மரம். மண்டபத்துச் சுவரிலிருந்து நாலடி தள்ளி முப்பதடி ஃபிளெக்ஸ். அதில் தாய்மாமன்கள் மூன்று பேரும் ஸ்டுடியோக்காரர் மாட்டிவிட்ட கறுப்புக் கண்ணாடியோடு நின்றார்கள். பக்கத்தில் ஒரு புலி. காதுகுத்துக்கும் புலிக்கும் என்ன சம்பந்தம் என்று மதுரையில் யாரும் கேட்பதில்லை.

புலி இல்லாமல்கூடக் காது குத்திவிடலாம். தாய்மாமன் இல்லாமல் முடியாது. குழந்தை அவர் மடியில்தான் உட்கார வேண்டும், அவர் கொண்டுவந்த தோட்டைத்தான் போட வேண்டும். நல்ல நேரம் மாலை நாலரையிலிருந்து ஐந்தரை வரை. அதைத் தாண்டினால் ஆசாரி கதிரேசனைப் பிடிக்க முடியாது. ஆறரைக்கு அவருக்காகத் திருப்பரங்குன்றத்தில் வேறு இரண்டு காதுகள் காத்திருந்தன.

தாய்மாமன்கள் காலை ஆறு மணி பஸ்ஸுக்கே வந்துவிட்டார்கள். மூத்தவர் சடையாண்டி, நடுவுள்ளவர் பெரியகருப்பு, இளையவன் வீரணன். மூன்று பேருக்கும் அதுதான் முதல் மதுரை. சீர்த் தட்டுகளை மண்டபத்தில் இறக்கிவிட்டு, இட்லி சாப்பிட்டுவிட்டு, வரிசையாகச் சோணமுத்துவின் முன்னால் வந்து நின்றார்கள்.

"மாப்ள, சாயங்காலந்தானே விசேஷம். அதுக்குள்ள ஊரைப் பார்த்துட்டு வந்துர்றோம்" என்றார் சடையாண்டி. "எங்கெங்கயோ இருந்து வர்றவங்களுக்கெல்லாம் சொல்றீங்களே, அதை எங்களுக்கும் சொல்லிவிடுங்க."

சமையல்காரர் ஒரு பக்கம் தேங்காய் போதவில்லை என்றார். நாற்காலிக்காரர் ஒரு பக்கம் நாற்காலியே வரவில்லை என்றார். ஆனாலும் யோசனை கேட்டு வந்தவர்களைச் சோணமுத்து வெறுங்கையோடு அனுப்பியதில்லை.

"கோபுரம் எப்பவும் உங்களுக்கு வலப்பக்கம் இருக்கிற மாதிரி நடங்க மச்சான், தொலையவே மாட்டீங்க. எங்க கூட்டம் நிக்குதோ அங்க சாப்பிடுங்க. செருப்பை விட்டா, பக்கத்துல ஒரு அடையாளம் பார்த்து வச்சுக்கங்க. பன்னெண்டரைக்கு மேல நாலு மணி வரைக்கும் வெயில்ல அலையாதீங்க, நிழலா பார்த்து உட்கார்ந்துருங்க. வழி கேட்டா ஒருத்தர் பேச்சை நம்பாதீங்க, மூணு பேர்கிட்ட கேட்டு மூணு பேரும் ஒண்ணுபோலச் சொன்னாத்தான் சரி."

ஒவ்வொன்றுக்கும் வீரணன் தோளில் கிடந்த துண்டில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டான். ஐந்து முடிச்சு ஆனது.

"தோட்டை மட்டும் இங்க கொடுத்துட்டுப் போங்களேன்" என்றார் சோணமுத்து.

"அதெப்படி மாப்ள? சபையில தட்டுல வச்சுத்தானே கொடுக்கணும்? அதுவரைக்கும் அது மாமன் பொருள்."

பேச்சு நியாயமானது. "அப்ப ஒண்ணு. கடைவீதிக் கூட்டத்துல கை நீளும். உங்க கண்ணுக்கே தெரியாத இடமா பார்த்து ஒளிச்சு வைங்க" என்றார் சோணமுத்து.

வீரணன் ஆறாவது முடிச்சைப் போட்டான். மூன்று பேரும் கோபுரத்தை வலப்பக்கம் வைத்துக்கொண்டு மேற்குப் பார்த்து நடந்தார்கள்.

பத்தரை மணிக்குப் போன் வந்தது. வீரணன்.

"மாப்ள, மதுரை ரொம்பப் பெருசு. இதுவரைக்கும் பன்னெண்டு தெரு பார்த்தாச்சு. இன்னும் முடியல."

"பன்னெண்டு தெருவா? கோயிலுக்குள்ள போகலையா?"

"எங்க போறது? உள்ள போகத் திரும்பினா கோபுரம் நேர முன்னால வந்துருது. பெரியண்ணன் விட மாட்டேங்குது. ஆனா ஒண்ணு மாப்ள, எல்லாத் தெருவும் ஒண்ணுபோலவே கட்டியிருக்காய்ங்க. நாலு தெருவுக்கு ஒரு வெள்ளரிக்காய்க்காரம்மா வேற. மூணு பேரும் அச்சு அசல் ஒரே சாடை. கூடப் பிறந்தவங்க போல."

பின்னாலிருந்து சடையாண்டியின் குரல் கேட்டது. "சேலைகூட ஒரே நிறம்னு சொல்லுடா. ஒத்துமையான குடும்பம்."

கோயிலைச் சுற்றி நாலு மாசி வீதி. மூன்று தடவை சுற்றியிருக்கிறார்கள் என்பது சோணமுத்துவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. "கோபுரத்தை விடுங்க. முதல்ல எங்கயாவது ஏதாவது சாப்பிடுங்க" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நான் சொன்னது ஞாபகம் இருக்குல்ல?" என்று சேர்த்துக்கொண்டார். இருந்தது.

பதினொன்றே காலுக்கு ஜிகர்தண்டாக் கடை அபுபக்கர் கூப்பிட்டார். சோணமுத்துவுக்கு இருபது வருஷப் பழக்கம்.

"அண்ணே, உங்க மச்சான்மாரு மூணு பேரா? ஒருத்தர் துண்டுல நாலஞ்சு முடிச்சு இருக்குமா?"

"ஆமா. என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. இங்க ரெண்டு ஆட்டோ உரசிருச்சு. டிரைவருங்க ரெண்டு பேரும் சட்டையைப் பிடிச்சுக்கிட்டாய்ங்க. நூறு பேர் கூடிட்டாங்க. இவங்க மூணு பேரும் புளியோதரைப் பொட்டலத்தோட வந்து, கூட்டத்தை விலக்கி, சண்டைக்கு நடுவுல சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பிச்சுட்டாங்க."

"அய்யோ. அப்புறம்?"

"அப்புறம் என்ன, சண்டை நின்னுபோச்சு. டிரைவருங்க ரெண்டு பேரும் சட்டையை விட்டுட்டு இவங்களையே பார்த்துக்கிட்டு நின்னாய்ங்க. கூட்டம் கலையத் தொடங்குச்சு. உடனே உங்க பெரிய மச்சான் எந்திரிச்சு, 'கொஞ்சம் பொறுங்கய்யா, இன்னும் ரெண்டு வாய் இருக்கு'ங்கிறாரு."

அந்த இரண்டு வாய்க்காகக் கூட்டம் நின்றதாம். மதுரைக்காரர்கள் இரக்கமுள்ளவர்கள்.

"சாப்பிட்டாச்சுல்ல, இனி கவலை இல்லை" என்று சோணமுத்து நாற்காலியை எண்ணப் போய்விட்டார். பன்னிரண்டரைக்கு மேல் போன் இல்லை. எங்கேயோ நிழலில் உட்கார்ந்திருப்பார்கள் என்று நிம்மதியாக இருந்தார்.

மூன்றரைக்கு அவராகவே கூப்பிட்டார். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மூன்றே முக்காலுக்கும் எடுக்கவில்லை. பந்தல், மேளம், ஆசாரி எல்லாம் வந்தாகிவிட்டது. மனைவி தங்கமாரி பட்டுச் சேலையில் வந்து நின்றாள்.

"எங்கண்ணங்க எங்க?"

"வந்துருவாங்க."

"வந்துருவாங்கன்னா? ஊருக்கெல்லாம் வழி சொல்றீங்க, எங்கண்ணங்களுக்கு வழி சொல்லத் தெரியலையா? இந்தா பாருங்க, எங்கண்ணன் மடியில உட்காராம என் பிள்ளை காதுல ஊசி பட விட மாட்டேன். இன்னைக்கு இல்லைன்னா இன்னைக்கு இல்லை."

நானூறு பேருக்குச் சொல்லியாகிவிட்டது. பந்தியில் இலை போட்டாகிவிட்டது. சோணமுத்து ஸ்கூட்டரை எடுத்தார்.

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் மதுரையில் வழி கேட்டார்.

வெள்ளரிக்காய் விற்கும் அம்மாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. "மூணு பேருதானே? தலையில முண்டாசு கட்டின பெரியவரு ஒவ்வொரு தடவையும் நின்னு, 'உங்க அக்காளைக் கேட்டதாச் சொல்லுங்க'ன்னாரு. எனக்கு ஏதுய்யா அக்கா?"

மண்டபத்தை விட்டுக் கிளம்பும்போது சடையாண்டி தலையில் முண்டாசு இல்லை. வெயிலுக்குக் கட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு சோணமுத்து அடுத்த ஆளிடம் போனார். அவர் பூக்கடைக்காரர். தம் கடை வாசலில் நடந்ததை அவர் மாலை கட்டிக்கொண்டே சொன்னார்.

பதினொன்றரை மணிக்கு மூன்று பேரும் அங்கே வந்து செருப்பைக் கழற்றியிருக்கிறார்கள். கோயிலுக்குள் போவதென்று முடிவாகியிருக்கிறது. செருப்புக்கு அடையாளம் என்ன என்று பெரிய விவாதம்.

"கடையை அடையாளமா வைப்போம்" என்றான் வீரணன்.

"கடையை மத்தியானம் மூடிட்டா? அப்புறம் அது கடையா, கதவா?" என்றார் பெரியகருப்பு. "அசையாத பொருளா இருக்கணும்."

சடையாண்டி சுற்றும்முற்றும் பார்த்தார். பக்கத்தில் ஒரு செவலை மாடு படுத்திருந்தது. "இந்த மாட்டை வந்த நேரத்துல இருந்து பார்க்கிறேன். படுத்த எடத்தை விட்டு அசையல. இதைவிட உறுதியான அடையாளம் எது?" என்றார்.

மாட்டின் தலைமாட்டில் ஆறு செருப்பையும் வரிசையாக வைத்துவிட்டுக் கோபுரத்தைப் பார்த்து நடந்தார்கள். நூறு அடி போவதற்குள் தார் ரோடு காலைச் சுட்டது. செருப்பைப் போட்டுக்கொண்டு போகலாம் என்று திரும்பி வந்தார்கள். அதற்குள் மாடு எழுந்து எதிர்ப்பக்கம் போய் நின்றிருந்தது.

"நான் இங்க இருந்து கூவுறேன், 'அய்யா, செருப்பு இங்க இருக்கு'ன்னு" என்றார் பூக்கடைக்காரர். "உங்க பெரியவரு என்னைப் பார்த்து, 'அது வேற யாரு செருப்போ. எங்க செருப்பு மாட்டுக்குப் பக்கத்துல இருக்கிறது'ன்னுட்டாரு. மாட்டைச் சுத்திச் சுத்தித் தேடினாய்ங்க. அது வயித்துக்கு அடியிலகூடக் குனிஞ்சு பார்த்தாய்ங்க. மாடு நடந்துச்சு. அது பின்னாலயே மூணு பேரும் வெறுங்காலோட போயிட்டாய்ங்க. செருப்பு இந்தா இருக்கு."

ஆறு செருப்பையும் ஸ்கூட்டரின் முன்னால் அடுக்கிக்கொண்டு சோணமுத்து செவலை மாட்டைத் தேடினார். மதுரையில் ஒரு செவலை மாட்டைத் தேடுவது எப்படி என்று அவர் யாருக்கும் யோசனை சொன்னதில்லை. நாலே முக்காலுக்கு மண்டபத்துக்கே திரும்பினார். வாசலில் இருந்த வாழை மரங்களில் ஒன்றைக் காணோம். அதைப் பற்றி யோசிக்க அவருக்கு நேரமில்லை.

மேடையில் மைக்குக்காரர் கத்திக்கொண்டிருந்தார். "குழந்தையின் தாய்மாமன்கள் ஊமத்தம்பட்டி சடையாண்டி, பெரியகருப்பு, வீரணன் ஆகியோர் எங்கிருந்தாலும் உடனடியாக மேடைக்கு வரவும்!"

மணி ஐந்து. சோணமுத்து கடைசியாக ஒரு தடவை போன் போட்டார். வீரணன் எடுத்தான். குரலில் தூக்கம் இருந்தது.

"மாப்ள! நாலு மணிக்கே எந்திரிச்சிருக்கணும். அசந்துட்டோம்."

"எங்க இருக்கீங்க?"

"நிழல்ல."

"எந்த இடம்?"

"அதைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கோம். பெரியண்ணன் எங்கிட்ட கேட்டுச்சு, நான் தெரியாதுன்னேன். சின்னண்ணன்கிட்ட கேட்டேன், தெரியாதுன்னுச்சு. அது பெரியண்ணன்கிட்ட கேட்டுச்சு, அதுக்கும் தெரியல. மூணு பேரும் ஒண்ணுபோலச் சொல்லியாச்சு மாப்ள. அப்ப அது சரியாத்தான் இருக்கும்."

சோணமுத்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அப்போது போனுக்குள் சடையாண்டி யாரிடமோ பேசுவது கேட்டது. "பாவம்டா. இங்கயும் ஒரு காதுகுத்து. இங்கயும் தாய்மாமனைக் காணோமாம்."

"ஆமா மாப்ள" என்றான் வீரணன். "நாங்க முழிச்சதுல இருந்து மைக்ல கூவுறாய்ங்க. அவருக்கும் சடையாண்டின்னுதான் பேரு. ஊரும் நம்ம ஊருதான். எப்படிப்பட்ட மாமனா இருப்பான், பிள்ளை காத்துக்கிட்டு இருக்கும்போது எங்கயோ போயி உட்கார்ந்திருக்கான்!"

"தாய்மாமன்கள் உடனடியாக மேடைக்கு வரவும்!" என்றது மண்டபத்து ஸ்பீக்கர். அரை நொடி கழித்துப் போனுக்குள்ளும் அதே குரல், "மேடைக்கு வரவும்!" என்றது.

சோணமுத்து செருப்பில்லாமல் வாசலுக்கு ஓடினார். ஃபிளெக்ஸைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனார். முப்பதடி ஃபிளெக்ஸுக்கும் மண்டபத்துச் சுவருக்கும் நடுவில் நல்ல நிழல். அதில் மூன்று தாய்மாமன்கள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். கூடவே செவலை மாடு, காணாமற்போன வாழை மரத்தின் கடைசி இலையைத் தின்றுகொண்டிருந்தது. தங்கள் படத்துக்குப் பின்பக்கமே நாலரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"மாப்ள, நீங்களும் நிழலுக்கு வந்தீங்களா?" என்றார் சடையாண்டி.

மூன்று பேரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேடையில் ஏற்றும்போது மணி ஐந்து பத்து. கூட்டம் கைதட்டியது. தங்கமாரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆசாரி கதிரேசன் ஊசியைச் சந்தனத்தில் தொட்டு எடுத்தார். தன்விகா சடையாண்டியின் மடியில் உட்கார்ந்து முண்டாசு முனையைப் பிடித்து இழுத்தாள்.

"தோட்டைத் தட்டுல வைங்க" என்றார் ஆசாரி.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மச்சான், தோடு எங்க?" என்றார் சோணமுத்து.

"உங்க பேச்சை நாங்க தட்டலை மாப்ள. கண்ணுக்குத் தெரியாத இடமாத்தான் வச்சிருக்கோம்."

"அதான் எங்க?"

"கண்ணுக்குத் தெரிஞ்சாத்தானே சொல்றதுக்கு?" என்றார் சடையாண்டி. அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது.

வீரணன் துண்டை உயர்த்திக் காட்டினான். ஐந்து முடிச்சு அவிழ்ந்திருந்தது, ஒன்று பாக்கி இருந்தது. "இதுக்குத்தான் மாப்ள ரொம்ப நேரம் யோசிச்சோம். சட்டைப்பையில வச்சா, பை கண்ணுக்குத் தெரியுது. இடுப்புல முடிஞ்சா, இடுப்பும் தெரியுது. கால் தெரியுது, கை தெரியுது. பெரியண்ணன்தான் கண்டுபிடிச்சுச்சு. மனுசன் உடம்புல அவன் கண்ணால பார்க்க முடியாத இடம் எது?"

கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. தன்விகாதான் இழுத்துக்கொண்டிருந்த முண்டாசை மேலும் ஒரு இழுப்பு இழுத்தாள். அது அவிழ்ந்து விழுந்தது.

சடையாண்டியின் இரண்டு காதிலும் சிவப்புக் கல் வைத்த குட்டித் தோடு மின்னியது.

"அஞ்சு வயசுல குத்தின ஓட்டை இன்னும் தூரல" என்றார் அவர். "இவங்க ரெண்டு பேரு கண்ணுக்கும் தெரியக் கூடாதேன்னுதான் முண்டாசு."

"நாங்க அப்பத் திரும்பி நின்னுக்கிட்டோம்" என்றார் பெரியகருப்பு.

ஐந்தே காலுக்கு ஆசாரி வலது காதுத் தோட்டைக் கழற்றினார். மஞ்சள் தண்ணீரில் கழுவித் தன்விகாவின் வலது காதில் ஏற்றினார். குழந்தை வீறிட்டது. அதைவிடச் சத்தமாகச் சடையாண்டி வீறிட்டார், மருமகள் அழுவதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. மேளம் கொட்டியது.

இடது காதில் சிக்கல். சின்னத் தோடு, பெரிய காது. காலையிலிருந்து வெயிலில் காது வீங்கித் திருகாணி உள்ளே புதைந்துபோயிருந்தது. ஆசாரி எண்ணெய் விட்டுப் பார்த்தார், நூல் கட்டி இழுத்துப் பார்த்தார். ஐந்து இருபத்தெட்டுக்குக் கையை உதறினார். நேரம் தப்பக் கூடாதென்று குழந்தையின் இடது காதைக் குத்தி, தோட்டுக்குப் பதிலாக ஒரு வேப்பங்குச்சியைச் செருகினார்.

"குத்தியாச்சு. நேரம் தப்பலை" என்றார். "இந்தத் தோடு மட்டும் வீக்கம் வத்தினாத்தான் வரும். ரெண்டு நாள் ஆகும்."

சோணமுத்து மூச்சு விட்டார். அதற்குள் தாய்மாமன்கள் மூன்று பேரும் தலையைக் கூட்டிப் பேசி முடித்திருந்தார்கள்.

"மாப்ள, கவலையை விடுங்க" என்றார் சடையாண்டி. "ஜோடித் தோட்டைப் பிரிச்சா நல்லதில்லை. ஒண்ணு பிள்ளை காதுல இருக்கு, ஒண்ணு என் காதுல இருக்கு. நான் இந்த நாற்காலியை விட்டு எந்திரிக்கலை, பிள்ளையும் மடியை விட்டு இறங்க வேணாம். ரெண்டு நாளைக்கு இப்படியே பக்கத்துல பக்கத்துல இருந்துக்கிட்டா, ஜோடி பிரிஞ்ச மாதிரியே தெரியாதுல்ல?"

சோணமுத்து மனைவியைப் பார்த்தார். பத்து வருஷம் மதுரையில் குடித்தனம் நடத்தியவள், இந்தப் பேச்சை வெட்டிவிடுவாள் என்று அவருக்கு முழு நம்பிக்கை.

தங்கமாரி மோவாயில் விரலை வைத்து நன்றாக யோசித்தாள். "அண்ணன் சொல்றதுதாங்க சரி" என்றாள். "ஆனா பிள்ளை வலப்பக்கம் ஒருக்களிச்சுத்தான் தூங்கும். அப்ப அண்ணன் எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கணும்? அதை மட்டும் அண்ணங்களைக் கேட்டுச் சொல்லுங்க."

மூன்று அண்ணன்களும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். மூன்று பேருக்கும் தெரியவில்லை. மூன்று பேரும் ஒண்ணுபோலச் சொன்னதில் எல்லோருக்கும் திருப்தி. வீரணன் துண்டை எடுத்து, சோணமுத்துவின் வாயைப் பார்த்தபடி, ஏழாவது முடிச்சுக்குத் தயாராக நின்றான்.